எலியைப் பிடிக்க ஒரு ராத்திரி போதும், எண்ணுவதற்குத்தான் பத்து வருடம்

கேள்வி இதுதான்: "காட்டு எலிகளில் என்ன வைரஸ் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாலு பொறி வைத்துப் பிடித்து, ரத்தம் எடுத்துச் சோதித்தால் முடிந்தது. அதற்குப் போய் ஏன் வருடக்கணக்கில் ஆள் போட்டு, அதே இடத்தில் அதே எலிகளைப் பிடித்துப் பிடித்து விடுகிறார்கள்? காசுக்குப் பிடித்த கேடா?"

நியாயமான கேள்விதான். சுருக்கமான பதில்: எந்த எலி வைரஸைச் சுமக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கோடைக்காலம் போதும். அந்த வைரஸ் ஏன் இந்த வருடம் மனிதனிடம் வந்தது, போன வருடம் ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் பத்து வருடக் கணக்கு வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. இது புரிய 1993-ல் அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் நடந்ததைச் சொல்வதுதான் நல்லது. எலியும் வைரஸும் பற்றிப் பேசும் யாரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

1993 மே மாதம், நியூ மெக்சிகோவின் கேலப் ஊர். நவஹோ பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞர், நன்றாக ஓடக்கூடியவர், திடீரென்று மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார், பிழைக்கவில்லை. அவர் போய்க்கொண்டிருந்தது, தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணின் இறுதிச் சடங்குக்கு. அந்தப் பெண்ணும் சில நாள் முன்பு இதேபோல மூச்சுத் திணறி இறந்தவர். விசாரிக்க விசாரிக்க, சுற்றுவட்டாரத்தில் இப்படி இன்னும் சில சாவுகள் இருப்பது வெளியே வந்தது. எல்லாம் நல்ல திடகாத்திரமான ஆட்கள். இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி, அப்புறம் நுரையீரல் முழுக்க நீர். அந்தப் பகுதியில் பிளேக் இன்னும் அவ்வப்போது தலைகாட்டும் என்பதால் முதலில் அதைத்தான் சந்தேகித்தார்கள். இல்லை. விஷவாயுவா, புதுவித ஃப்ளூவா? அதுவும் இல்லை. பத்திரிகைகள் சும்மா இருக்குமா, 'நவஹோ ஃப்ளூ' என்று பெயர் சூட்டிவிட்டன. நோயோடு சேர்ந்து அவமானமும் அந்த மக்கள் தலையில் விழுந்தது.

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி, நோயாளிகளின் ரத்தத்தைக் கையில் இருந்த எல்லா வைரஸ்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்றே ஒன்று ஒத்துப்போனது: ஹன்டா வைரஸ் குடும்பம். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏனென்றால் அதுவரை ஹன்டா என்றால் ஆசியா, ஐரோப்பா. சிறுநீரகத்தைக் கெடுத்து ரத்தக்கசிவு உண்டாக்கும் காய்ச்சல். 1950களின் கொரியப் போரில் ஐ.நா. படையினரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படுக்கவைத்தது. அதன் காரணம் தெரியாமல் இருபது வருடத்துக்கு மேல் திண்டாடிய பிறகு, 1976-ல்தான் கொரிய விஞ்ஞானி லீ ஹோ வாங், முதுகில் கறுப்புக் கோடுள்ள ஒரு வயலெலியின் நுரையீரலில் அதைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயரை வைத்தார். அந்தத் தேடலில் அவருடைய ஆட்கள் சிலருக்கே அந்தக் காய்ச்சல் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் அது புதிதல்ல.

ஹன்டா என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வந்தது: எந்த எலி? ஹன்டா குடும்பத்தில் ஒவ்வொரு வைரஸும் பெரும்பாலும் ஒரே ஓர் இனப் பிராணியோடு ஒட்டிக்கொண்டு வாழும். சிடிசி ஆட்கள் ஜூன் 7-ல் பொறி வைக்க ஆரம்பித்தார்கள். ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நோயாளிகளின் வீடுகளுக்குள்ளும் வெளியிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயில்லாத வீடுகளிலும், கிட்டத்தட்ட 1,700 சிறு பிராணிகளைப் பிடித்தார்கள். பொறி வைக்கப் போனபோது முகமூடியோ கவச உடையோ போடாமல் போக முடிவு செய்தார்கள். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கிற ஊருக்குள் விண்வெளி ஆள் மாதிரி போய் இறங்கினால் மக்கள் என்ன ஆவார்கள் என்று யோசித்தார்கள். எலியை அறுத்து மாதிரி எடுக்கும்போது மட்டும் முழுக் கவசம். இன்று யாராவது அப்படிப் போனால் வேலை போய்விடும். ஆனாலும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

அகப்பட்டவற்றில் அதிகம் இருந்தது டீர் மவுஸ். மேலே மானின் பழுப்பு, அடியில் வெள்ளை என்பதால் அந்தப் பெயர். இங்கே 'மான் எலி' என்று வைத்துக்கொள்கிறேன். சோதித்த மான் எலிகளில் சுமார் 30 சதவீதத்தில் ஹன்டாவின் தடயம் கிடைத்தது. நோயாளியின் உடம்பில் இருந்த வைரஸின் மரபணு வரிசையையும், அவர் வீட்டுப் பக்கம் பிடிபட்ட எலியில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வழக்கு முடிந்தது. நவம்பரில் வைரஸைத் தனியே பிரித்து வளர்த்தும் காட்டினார்கள். பெயர் வைப்பதில்தான் தகராறு. ஊர்ப் பெயர் எதை வைத்தாலும் அந்த ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை, யார்தான் ஒப்புவார்கள்? கடைசியில் ஸ்பானிய மொழியில் 'சின் நோம்ப்ரே' என்று வைத்தார்கள். அர்த்தம்: பெயரில்லாதது.

இதுவரை உங்கள் கட்சிதான் ஜெயிக்கிறது. நாலு பொறி, ஒரு கோடை, விடை கிடைத்துவிட்டது.

ஆனால் கேலப் மக்கள் கேட்டது அந்தக் கேள்வியை அல்ல. இந்த எலி எங்கள் தாத்தா காலத்திலிருந்தே இங்கே இருக்கிறதே, இப்போது மட்டும் ஏன் என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பதில் சிடிசி ஆய்வுக்கூடத்தில் இல்லை. அல்புகர்க்கியிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய செவில்லெட்டா என்ற வறண்ட புல்வெளியில் சிலர் எழுதிவைத்திருந்த நோட்டுகளில் இருந்தது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பார்மென்டர் போன்ற சூழலியல்காரர்கள், நோய் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே அங்கே எலி எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வைரஸும் தெரியாது, நோயும் தெரியாது. மழை பெய்தால் புல் எவ்வளவு, புல்லுக்கு எலி எவ்வளவு என்ற கணக்குதான். அப்போது யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவர்களிடம் பதில் இருந்திருக்காது.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், 1992 மே மாதத்துக்கும் 1993 மே மாதத்துக்கும் இடையில் எலி பத்து மடங்கு பெருகியிருந்தது. காரணம் 1991-92-ன் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி மழைக் கணக்கையே மாற்றிவிடும் நிகழ்வு. பல வருட வறட்சிக்குப் பின் நல்ல மழையும் பனியும், பின்யோன் பைன் மரங்களில் கொட்டை கொள்ளை கொள்ளையாக, வெட்டுக்கிளி வேறு. தின்னக் கிடைத்தால் எலி சும்மா இருக்குமா? குட்டிமேல் குட்டி. காடு கொள்ளாமல் வீட்டுக்குள் வந்தன.

புது வைரஸ் எங்கிருந்தோ வந்து இறங்கியதா என்ற சந்தேகத்தைத் தீர்த்ததும் இப்படி முன்பே சேர்த்துவைத்த ஒரு பொருள்தான். அதே பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் டெர்ரி யேட்ஸ் என்பவர் வருடக்கணக்கில் காட்டு எலிகளின் திசுக்களை உறைபெட்டியில் போட்டு வைத்துக்கொண்டிருந்தார். எடுத்துச் சோதித்தார்கள். 1993-க்கு முந்தைய எலிகளிலும் வைரஸ் இருந்தது. ஆக வைரஸ் பழசு, நோயும் பழசு. பின்னால் தேடிப் பார்த்தபோது 1959-ல் யூட்டாவில் நோயுற்ற ஒருவர்வரை தடயம் போனது.

இதைக் கேட்டு நவஹோ பெரியவர்கள் ஆச்சரியப்படவில்லை. பென் முனேட்டா என்ற நவஹோ மருத்துவர் அவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறார். பின்யோன் கொட்டை அதிகம் விளையும் வருடம் எலியும் அதிகம், சாவும் வரும். வீட்டுக்குள் எலியை விடாதே, எலி பட்ட துணியை எரித்துவிடு என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 1918-லும் 1933-லும் இப்படி ஆனது என்று வருடக் கணக்கோடு சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் பார்மென்டரின் நோட்டும் ஒரே தரவுதான் என்பது என் கட்சி. இரண்டுமே ஓரிடத்தில் நீண்டகாலம் இருந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே கிடைப்பவை.

சரி, அந்த எலியைப் பிடித்துப் பிடித்து விடும் விஷயத்துக்கு வருவோம். 1994 முதல் நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, மொன்டானா என்று பல இடங்களில் இதையே தொடர்ந்து செய்ய ஆரம்பித்தார்கள். முறை எப்படி என்றால், தரையில் பொறிகளைச் சிலந்திவலை மாதிரி பரப்புகிறார்கள். நடுவில் 4 பொறி. அங்கிருந்து சக்கரத்தின் ஆரம்போல 12 வரிசை, ஒவ்வொன்றும் 100 மீட்டர், வரிசைக்கு 12 பொறி. மொத்தம் 148. மாதத்தில் மூன்று ராத்திரி. பொறி என்பது நம் வீட்டில் தலையை நசுக்குகிற மரப்பொறி அல்ல. ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியத் தகட்டுப் பெட்டி, மடித்து அடுக்கிக்கொள்ளலாம். உள்ளே ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய். எலி மிதித்ததும் கதவு விழும், அடிபடாது. குளிர்கால ராத்திரியில் கொஞ்சம் பஞ்சும் போடுவார்கள், விடியும்வரை விறைத்துச் சாகாமலிருக்க. காலையில் வெயில் ஏறுவதற்குள் எல்லாப் பொறியையும் பார்த்தாக வேண்டும். தாமதித்தால் அலுமினியப் பெட்டி இட்லிப் பானை ஆகிவிடும்.

கதவு மூடியிருந்தால் எலி இருக்கிறது என்று அர்த்தமில்லை. காற்று மூடியிருக்கலாம், எறும்பு தின்று தீர்த்திருக்கலாம், தேரை உட்கார்ந்திருக்கலாம். நூறு பொறிக்குப் பத்து எலி விழுந்தாலே அன்று நல்ல முகத்தில் விழித்ததாக நினைத்துக்கொள்வார்கள். விழுந்ததைப் பொறியோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, வீடு வாசலிலிருந்து தள்ளி, காற்றும் வெயிலும் உள்ள திறந்த வெளிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே காத்திருப்பவருக்கு இரட்டைக் கையுறை, மேலங்கி, வடிகட்டிய காற்றை ஊதித் தரும் முகக்கவசம். எலிக்கு மயக்கம் கொடுத்து, சுருள்வில் தராசில் கிளிப்பால் தொங்கவிட்டு எடை. இருபது கிராம் சொச்சம். நம் பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயம் இரண்டைக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். வால் நீளம், காது, பின்னங்கால். ஆணா பெண்ணா, பால் கொடுக்கிறதா. உடம்பில் கடித்த தழும்பு உண்டா. கண்ணோரத்திலிருந்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் சில சொட்டு ரத்தம். அது நேராக உலர் பனிக்கட்டிக்குள். காதில் எண் பொறித்த குட்டித் தகடு. மயக்கம் தெளிந்ததும் பிடித்த அதே பொறி இருந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். வேர்க்கடலை ருசி கண்ட சில எலிகள் மறுநாள் ராத்திரியும் வந்து விழும். அதுவும் ஒரு தலைவலி, எண்ணிக்கைக் கணக்கைக் கெடுக்கும்.

இதில் தழும்பு பார்ப்பது எதற்கு என்று கேட்கலாம். வைரஸ் எலிகளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதற்கான துப்பே அதில்தான் இருந்தது. ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள், இருக்கும் எலிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் குட்டிகள் குறைவு, வளர்ந்தவை அதிகம். பெண்ணைவிட ஆண் அதிகம். தழும்பு உள்ளவை இன்னும் அதிகம். அதாவது தாயிடமிருந்து பிறப்பில் வருவதில்லை. ஆண் எலிகள் இடத்துக்கும் துணைக்கும் கட்டிப் புரண்டு கடித்துக்கொள்ளும்போது கைமாறுகிறது. ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. எலிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதுமில்லை. ஆனால் எச்சிலிலும் மூத்திரத்திலும் புழுக்கையிலும் வைரஸை விட்டுக்கொண்டே இருக்கும். இதனால்தான் மனிதர் விஷயத்தில் 'முன்பு எப்போதோ வந்துபோனது' என்று காட்டும் ஆன்டிபாடி, எலி விஷயத்தில் 'இப்போதும் உள்ளே இருக்கிறது' என்று காட்டுகிறது. இதிலும் ஒரு பொறி உண்டு: சின்னக் குட்டிக்குத் தாயின் ஆன்டிபாடியே சில காலம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு தடவை பிடித்தவர் அதைத் தொற்று என்று எழுதிவிடுவார். காதுத் தகட்டோடு அதே எலியை அடுத்த மாதமும் பிடித்தவருக்குத்தான் அது மறைந்துபோனது தெரியும்.

இன்னொன்று, இதுவும் ஒரு தடவைப் பிடியில் தெரியாதது. எலி எக்கச்சக்கமாக இருக்கும் மாதத்தில் வைரஸும் உச்சத்தில் இருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் இலையுதிர் காலத்தில் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும்போது பாதிக்கு மேல் புதுக் குட்டிகளாக இருந்தால், தொற்றிய எலிகளின் விகிதம் குறைவாகவே தெரியும். அந்தக் கூட்டம் குளிர்காலத்தைத் தாண்டி, வயதாகி, வசந்தத்தில் சண்டைக்கு இறங்கும்போதுதான் விகிதம் ஏறுகிறது. கூட்டத்துக்கும் தொற்றுக்கும் இடையில் பல மாத இடைவெளி. மழைக்கும் மனிதச் சாவுக்கும் நடுவே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடுவது இப்படித்தான். 1991-92-ல் பெய்ததற்கு 1993-ல் பலன்.

இந்தச் சங்கிலி ஜோசியம் மாதிரி எல்லா வருடமும் பலித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1997-98 எல் நினோவுக்குப் பிறகு, நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் எல்லைப் பகுதியில் எலியும் கூடியது, நோயும் கூடியது. முன்கூட்டியே எச்சரிக்கவும் முடிந்தது. ஆனால் மொன்டானா வேறு மண், வேறு குளிர். அங்கே மழை எந்தப் பருவத்தில் பெய்தது என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிப்போகிறது. ஓரிடத்தில் பத்து வருடம் எண்ணியது இன்னோர் இடத்துக்கு அப்படியே உதவாது. எரிச்சல்தான், ஆனால் அதுதான் நிலவரம்.

சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. பனாமாவில் ஹெரார்டோ சுசான் குழுவினர் சில இடங்களில் வைரஸைச் சுமக்காத மற்ற எலி இனங்களை மட்டும் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். அங்கே வைரஸ் சுமக்கும் இனம் பெருகியது, அவற்றில் தொற்றும் ஏறியது. பலதரப்பட்ட எலிகள் கலந்து இருப்பதே ஒருவகைத் தடுப்பு போலிருக்கிறது. 'எல்லா எலியையும் ஒழித்துக்கட்டு' என்று கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மனிதருக்கு இது வருவது பெரும்பாலும் கடியால் அல்ல, தூசியால். காய்ந்த மூத்திரமும் புழுக்கையும் தூளாகி மூச்சில் போகிறது. நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து விளக்குமாற்றை எடுத்துப் பரபரவென்று பெருக்குவதுதான் செய்யக்கூடாத முதல் வேலை. ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கையெல்லாம் ஊறும்படி தெளித்து, ஐந்து நிமிடம் கழித்துத் துணியால் வழித்தெடுக்க வேண்டும். 2012-ல் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா போன 10 பேருக்கு இந்த நோய் வந்து 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தங்கியது இரட்டைச் சுவர் வைத்த ஒருவகைக் கூடார அறைகளில். குளிர் தாங்க இரண்டு சுவருக்கும் நடுவே வைத்த அடைப்புப் பொருளுக்குள் மான் எலிகள் கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. இந்த நோய் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்துபோகிறார்கள், தனியான மருந்தும் கிடையாது. சின் நோம்ப்ரே ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். தென் அமெரிக்காவில் உள்ள இன்னொரு ஹன்டாவான ஆண்டிஸ் வைரஸுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

'அப்போ நம்ம ஊர் எலிக்காய்ச்சல்?' என்று அடுத்து கேட்பீர்கள். அது வேறு. எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ், பாக்டீரியாவால் வருவது. சேற்றுத் தண்ணீர் வழியாக வரும், ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும். ஆனால் அறிகுறியில் ஹன்டா காய்ச்சலோடு குழப்பிக்கொள்ள நிறைய இடமுண்டு. இலங்கையில் எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்ட நோயாளிகள் சிலரிடம் ஹன்டா தொற்றின் தடயம் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் காய்ச்சல் நோயாளிகளின் ரத்தத்தில் ஹன்டா ஆன்டிபாடியைக் கண்டிருக்கிறார்கள்.

வேலூர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1964-ல் அந்த ஊரின் தோட்டப்பாளையத்தில் ஒரு மூஞ்சூற்றைப் பிடித்து, அதிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அவர்கள் தேடிக்கொண்டிருந்தது மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசு வைரஸ்களை. இது எந்தக் குடும்பத்தோடும் சேராததால், கொசுவால் வருவதாக இருக்கலாம் என்று எழுதி, 'தோட்டப்பாளையம் வைரஸ்' என்று பெயரிட்டு எடுத்துவைத்துவிட்டார்கள். ஹன்டா என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. லீ ஹோ வாங் தன் வயலெலியைப் பிடிக்க இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது. பல வருடம் கழித்து உறைபெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோதுதான், உலகத்திலேயே முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஹன்டா அதுதான் என்று தெரிந்தது. போதாததற்கு மூஞ்சூறு எலியே இல்லை. பிள்ளையார் வாகனம் என்று எலியையும் அதையும் நாம் ஒன்றாக்கினாலும், அது முள்ளெலிக்கு உறவு (பெயரில் எலி இருந்தாலும் முள்ளெலியும் எலி இல்லை). கொறிக்கும் பல்வரிசையே அதற்குக் கிடையாது. எலியில் மட்டும்தான் ஹன்டா என்ற நம்பிக்கையையும் அந்த ஒரு மூஞ்சூறு உடைத்தது. இன்று அந்த வகை வைரஸ்களுக்குத் தனிப் பேரினமே உண்டு. அதன் அதிகாரபூர்வப் பெயர் 'தொட்டிம்வைரஸ்'. கொரியாவில் இம்ஜின் ஆற்றுப் பக்கத்து மூஞ்சூற்றில் கிடைத்த வைரஸையும் அந்தத் தோட்டப்பாளையத்துப் பெயருக்குக் கீழேதான் வைத்திருக்கிறார்கள்.